கைத்தொலைபேசியில் நீர்மூழ்கிப் போர்: பேசவைக்கும் விளையாட்டு

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?" என்று கேட்டால், "கேம் விளையாடுவேன் சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறதா? அங்கிருந்தே தொடங்கலாம்.

'கிராஷ் டைவ்' இரண்டாம் உலகப் போர்க்கால விளையாட்டு. பசிபிக் கடலில் ஓர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாணவர்தான் தலைவர். 'கேட்டோ' வகைக் கப்பல் அது. நீர்மட்டத்தில் டீசலில் வேகமாக ஓடும். அடியில் மின்கலத்தில் மெதுவாகத்தான் போகும். மேலே வந்தால் மின்கலத்துக்கு மின்னூட்டலாம், ஆனா எதிரியின் கண்ணில் படும். மூழ்கினால் மறையலாம், ஆனா மின்கலம் தீரும். வேகத்தைக் கூட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். டார்பிடோவையும் எதிரிக் கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்ல, அது வந்து சேரும் இடத்துக்கே குறிவைக்க வேண்டும்.

கவனித்தீர்களா? இவற்றில் பல நிபந்தனை வாக்கியங்கள்!

உயர்நிலை இரண்டில் இப்படிச் செய்து பாருங்க. ஒருவர் தலைவர், மற்றவர் மாலுமி. தலைவர் கட்டளையிடுவார், மாலுமி "ஏன்?" என்று கேட்பார். தலைவர் 'ஏனென்றால்', 'எனவே', 'இல்லாவிட்டால்' ஆகிய சொற்களைக்கொண்டு விளக்கவேண்டும். கைத்தொலைபேசி தேவையில்லை, வெண்பலகையில் ஒரு கடல் வரைந்தால் போதும்.

முடிவில், மூழ்கிய கப்பலில் இருந்தவர்களைப் பற்றியும் கேளுங்க. நிஜப் போர் விளையாட்டல்ல என்பதை மாணவர்களே தமிழில் சொல்லட்டும்.