கோலார் தங்கவயல்: தோண்டியவர்களின் கதை

திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1802-இல் மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். கிராமத்தார் வண்டிகளில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்ணெதிரே அலசி, அடியில் தங்கிய பொன்துகளைக் காட்டினார்கள்.

மாரிக்குப்பத்தில் அவர் கண்டது அதைவிட முக்கியமானது. அங்கே பறையர் சமூகத்து மக்கள் குழி தோண்டி, உள்ளே இறங்கிப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கற்களைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அவற்றை இடித்துப் பொடியாக்கி நீரில் அலசிப் பொன்னைப் பிரித்தார்கள். கோலார் தங்கவயலை யாரோ ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ள வேண்டும். உடைத்தல், இடித்தல், அலசல் என்ற அந்த வரிசைதான் பிற்காலத்தில் நீராவியிலும் மின்சாரத்திலும் நடந்தது.

வாரனின் குறிப்பு அச்சேறிப் பல பத்தாண்டுகள் கழித்து, பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் அதைப் படித்தார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிப்பாய் அவர். 1875-இல் மைசூர் அரசிடம் இருபது ஆண்டு உரிமம் வாங்கினார். கைப்பணம் போதாமல் உரிமம் வேறு கைகளுக்கு மாறி, 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. முதல் சில ஆண்டுகளில் போட்ட முதல் கரைந்ததுதான் மிச்சம். தங்கவயலின் ‘மைசூர்’ என்ற சுரங்கத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்த நேரத்தில், பழங்காலத்தவர் விட்டுப்போன குழிகளுக்கு அடியில் தோண்டிப் பார்த்தபோது வளமான படிவம் தட்டுப்பட்டது. அதற்கு ‘சாம்பியன்’ என்று பெயர் வைத்தார்கள்.

பொன் அங்கே கட்டியாகக் கிடைக்கவில்லை. கருநிறப் பாறைக்குள் வெள்ளை நரம்பு போல ஓடும் குவார்ட்ஸ் கல்லில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகளாக ஒட்டியிருந்தது. பாறையில் துளையிட்டு, வெடிவைத்து, உடைந்த கல்லை மேலே தூக்கி, இரும்பு உலக்கைகள் வரிசையாக இடிக்கும் மில்லில் பொடியாக்கினார்கள். அந்தக் குழம்பைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிட்டால், பாதரசம் பொன்னைப் பிடித்துக்கொள்ளும். தப்பிப்போனதை 1890-களுக்குப் பிறகு சயனைடு கரைசல் கரைத்தெடுத்தது. எஞ்சிய சாம்பல் நிறப் பொடியை ஊர் ஓரத்தில் கொட்டினார்கள். அப்படிக் கொட்டிக் கொட்டி வளர்ந்தவைதான் இன்று ‘சயனைடு மலை’ என்று மக்கள் சொல்லும் மேடுகள்.

இத்தனை இயந்திரங்களையும் ஓட்ட விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. எனவே காவிரியைப் பிடித்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் ஒளிர, தொழிலாளர்கள் மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்ட வந்தவர்கள், பெரும்பகுதி தலித்துகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஊரில் தெருவில் நடக்கவே உரிமை இல்லாதவருக்கு இங்கே ரொக்கக் கூலி கிடைத்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. அவருடைய எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக அச்சிட்டது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் படித்தார்கள், விவாதித்தார்கள், சங்கம் வைத்தார்கள்.

அந்தக் கூலிக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அது ஒன்று. ஒரே இறக்கத்தில் அடிக்குப் போக முடியாது. ஒரு ஷாஃப்ட்டில் இறங்கி, உள்ளேயே நடந்து, அடுத்த ஷாஃப்ட்டில் மறுபடி இறங்க வேண்டும். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குடைந்த இடம் சரியாமலிருக்கக் கருங்கல்லால் சுவர் எழுப்பினாலும், மேலிருந்து அழுத்தும் பாறை திடீரென வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ எனப்படும் அந்த வெடிப்பில் ஊரே அதிரும். கீழே யார் ஷிஃப்ட்டில் இருக்கிறார்கள் என்று வீடுகள் பதறும். அதில் தப்பியவர்களையும் தூசு விடவில்லை. துளையிடும்போது பறக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து இறுகிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது.

பொன் திருடுகிறவர்களாகவே நிர்வாகம் அவர்களைப் பார்த்தது. சுரங்கப் பகுதிக்கென்றே 1897-இல் தனிச் சட்டம் வந்தது. 1930-இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, குற்றவாளிக்குத்தானே கைரேகை என்று கொதித்து, மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

உயிர்களைக் குடித்த சுரங்கத்தின் ஆழம் விஞ்ஞானத்துக்கும் உதவியது. தரைமேல் ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களை இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை வடிகட்டிவிடும் என்பதால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இங்கே கருவிகளை நிறுவினார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் முதன்முதலில் பதிவுசெய்தவற்றில் ஒன்று தங்கவயல்.

1956-இல் மைசூர் மாநில அரசும், பின்னர் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. அதற்குள் செழிப்பு போய்விட்டது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், கடைசியில் சுமார் 3 கிராமாகத் தேய்ந்திருந்தது. 2001 பிப்ரவரி இறுதியில் கதவை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் வெளியே வந்த பொன் 800 டன்னுக்கும் மேல்.

இப்போது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியனிலிருந்தும் ரயிலேறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மலைகளின் பொடி வீட்டுக்குள் வந்து படிகிறது. அந்தப் பொடியிலும் இன்னும் பொன் இருக்கிறது. 13 மேடுகளையும் மறுபடி அலசி எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அந்த வேலை தொடங்குமானால், வருமானத்தின் முதல் பங்கு சிலிகோசிஸ் தின்ற குடும்பங்களின் மருத்துவத்துக்கும், லைன் வீடுகளின் மனைப்பட்டாவுக்கும், ஊரின் குடிநீருக்கும் போக வேண்டும். அலசும் வேலைக்கான ஆட்களையும் இந்த ஊரிலிருந்தே எடுக்க வேண்டும்.