முகம் ஒரு பக்கம், வீச்சு ஒரு பக்கம்

கோல்ஃப் பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது, ஏன் வளைகிறது? பல பத்தாண்டுகள் தலைகீழாகவே சொல்லித்தரப்பட்ட பாடம் இது.

தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் வெளியூர் வீரர்களை மிரட்டுவது தூரம் அல்ல, புதர். ஃபேர்வேக்கள் குறுகலானவை. இரு பக்கமும் அடர்ந்து நிற்கும் புதருக்குள் பந்து போய்விட்டால் தேடி எடுப்பதே பெரும்பாடு. 2025 அக்டோபரில் இங்கு ஆட வந்த ரோரி மெக்கில்ராய், டிரைவரால் அடிப்பதில் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவர். அவரே அந்த வாரம் டிரைவரைத் தொடும் உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டார். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை, பந்து நேராகப் போனால் போதும் என்று அயர்ன் கிளப்பை எடுப்பது இந்த மைதானத்தில் பழைய வழக்கம்.

ஆனால் அயர்ன் கையில் இருப்பதாலேயே பந்து நேராகப் போய்விடாது. கிளப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் சுமார் 2,000இல் ஒரு பங்கு. அதற்குள் கை எதையும் திருத்த முடியாது. அந்தக் கணத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது, கிளப் எந்தப் பாதையில் வந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் பந்தின் திசையைப் பெருமளவு நிர்ணயிக்கின்றன. இதில் யாருக்கும் தகராறு இல்லை. எது எந்த வேலையைச் செய்கிறது என்பதில்தான் குழப்பம்.

பயிற்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லித்தந்தது இது: பந்து வீச்சின் பாதையில் கிளம்பும், பிறகு முகம் பார்த்த பக்கம் வளையும். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பாதி தவறு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம். அயர்னில் அதன் பங்கு சுமார் முக்கால், டிரைவரில் அதற்கும் மேல். வளைவைத் தருவது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி. முகம் பாதைக்கு வலப்புறம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், இடப்புறம் பார்த்தால் இடப்பக்கம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. மட்டையை எவ்வளவு நேராக வீசினாலும் முகம் திரும்பிவிட்டால் பந்து திரும்பிய பக்கம்தான் பறக்கும். கோல்ஃப் ஆசிரியர்கள் மட்டும் இதை ஏன் இவ்வளவு காலம் ஏற்கவில்லை என்பது வியப்புதான். பிரிட்டனில் அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் இருவரும் ஆராய்ச்சி செய்து 1968இல் வெளியிட்ட நூலிலேயே முகத்தின் முக்கியத்துவம் பதிவாகிவிட்டது. ஆனால் பயிற்சிக் களம் அசையவில்லை. 2003இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் கருவி, ஒவ்வொரு அடியையும் அளந்து திரையில் எண்களாகக் காட்டத் தொடங்கிய பிறகுதான் பழைய பாடம் ஆட்டம் கண்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதை இலக்கை நோக்கி நேராக இருக்கிறது, முகம் மட்டும் 4 டிகிரி வலப்புறம் திறந்திருக்கிறது. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 டிகிரி, அதைவிடக் குறைவான கோணம் இது. பந்து சுமார் 3 டிகிரி வலப்புறம் கிளம்பும். 150 கஜம் போவதற்குள் இதனால் மட்டுமே ஏறத்தாழ 8 கஜம் விலகிவிடும். பிறகு வலப்பக்கம் வளையும் விலகல் தனி. லோதி மைதானத்தில் இது புதருக்குப் போகும் வழி.

பழைய பாடம் காலை வாருவது மரத்தின் முன்னால்தான். பந்துக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு மரம். மரத்துக்கு வலப்புறமாக அடித்து, பந்தை இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவர வேண்டும். முகத்தை இலக்கை நோக்கி வை, வலப்புறமாக வீசு என்பது பழைய அறிவுரை. அப்படிச் செய்தால் பந்து முகம் பார்த்த திசையை ஒட்டிக் கிளம்பி மரத்திலேயே மோதும். முகமும் மரத்துக்கு வலப்புறம் பார்க்க வேண்டும், வீச்சு அதைவிடவும் வலப்புறம் போக வேண்டும்.

இதைவிடப் பரிதாபமானது வார இறுதி ஆட்டக்காரரின் நிலை. வலது கை ஆட்டக்காரரின் பந்து ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது. அவர் பாதங்களைச் சற்று இடப்புறம் திருப்பி நிற்கிறார். பாதை இன்னும் இடப்புறம் போகிறது, முகத்துக்கும் பாதைக்கும் இடைவெளி கூடுகிறது, பந்து முன்னைவிட அதிகமாக வளைகிறது. அவர் இன்னும் திரும்பி நிற்கிறார். வருடக்கணக்கில் இதே கதை. நடுவில் இரண்டு மூன்று கிளப் செட்டுகள் மாறியிருக்கும்.

அயர்னுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் பந்து பெரும்பாலும் பின்னோக்கிச் சுழல்கிறது. அதனால் அதே இடைவெளிக்கு டிரைவரைவிடக் குறைவாகவே வளையும். ஆகவே சிறிய அயர்ன்களில் பந்து தவறுவது வளைவால் என்பதைவிட, கிளம்பும்போதே திசை மாறுவதால்தான்.

இன்னொன்று, அயர்ன் கீழ்நோக்கி வந்து பந்தை அடித்துவிட்டு அப்புறம்தான் புல்லைப் பெயர்க்கிறது. வீச்சு என்பது சாய்ந்த வட்டம். அதன் அடிப்புள்ளியை எட்டும் முன் கிளப் இன்னும் வெளிப்பக்கமாக, அதாவது வலப்புறமாக நகர்ந்துகொண்டிருக்கும். தொழில்முறை வீரர்கள் நடுத்தர அயர்னை சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி அடிக்கிறார்கள். அதனால் மட்டுமே பாதை ஏறக்குறைய 2 டிகிரி வலப்புறம் நகர்கிறது. அந்த அளவுக்கு மொத்த வீச்சையும் இடப்புறம் திருப்பினால்தான் பாதை நேராகும்.

இந்தியாவில் ரேடாரும் எண்களும் வருவதற்கு முன்பே இதைக் கையால் செய்து காட்டியவர்கள் உண்டு. கேடியாக இருந்து வீரரான அலி ஷேர், 1991இல் இதே தில்லி மைதானத்தில் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். 1993இல் மீண்டும் வென்றார். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சவ்ராசியா, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர். பந்தை வெகுதூரம் அடிப்பவர் என்று பெயர் எடுத்தவரும் அல்ல. 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016இல் இந்தியன் ஓப்பன் என இரு ஐரோப்பிய டூர் பட்டங்களை அவர் வென்றது லோதி மைதானத்தில்தான்.

ரேடாருக்கு லட்சக்கணக்கில் கொட்ட முடியாதவர்கள் ஒரு குச்சியை வைத்தே பாதி உண்மையைக் கண்டுபிடிக்கலாம். பந்துக்குச் சில கஜம் முன்னால், இலக்குக் கோட்டில் குச்சியை நட்டு அடிக்க வேண்டும். பந்து குச்சிக்கு எந்தப் பக்கமாகக் கிளம்பியது என்பது முகத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு எந்தப் பக்கம் வளைந்தது என்பதிலிருந்து பாதை தெரியவரும். வலப்புறம் கிளம்பி இன்னும் வலப்புறமாக ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது கிளப்பைப் பிடித்திருக்கும் பிடியை. பாதங்களை அதுவரை திருப்பாமல் இருக்கலாம்.