உவமையா, உருவகமா, ஆகுபெயரா?

‘ஆலைக்கு 50 ஹாண்ட்ஸ் தேவை’ என்னும் ஆங்கில விளம்பரத்தை ‘50 கைகள் தேவை’ என்று ஒருவர் தமிழாக்கினால் என்ன நேரும்? ஆளுக்கு இரண்டு கை என்று கணக்கிட்டு 25 பேரை மட்டும் அனுப்ப இடமுண்டு அன்றோ? அணி என்பது புலவர்க்கே உரியது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். அன்றாட வழக்கிலும் அணி உண்டு. அதனை இனங்காணாவிடில் பொருளே மாறிவிடும்.

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளை மயக்குவன நான்கு: ஸிமிலி, மெடபர், மெடானிமி, ஸினெக்டகி. இவற்றை ஒவ்வொன்றாக வேறுபடுத்திக் காண்போம்.

ஸிமிலி என்பது நம் உவமை. ‘போல’ என்னும் பொருள்படும் ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்கள் அதனைக் காட்டிக்கொடுக்கும். எனினும், அச்சொல் வந்த இடமெல்லாம் உவமையாகிவிடாது. ‘அவள் தன் தாயைப் போலப் பாடுகிறாள்’ என்பது வெறும் ஒப்பீடு. ‘குயிலைப் போலப் பாடுகிறாள்’ என்பதே உவமை. வேறு வேறு இனத்துப் பொருள்களிடையே ஒப்புமை காண்பதே அணியாகும்.

அந்தப் ‘போல’வை நீக்கி, ஒன்றையே மற்றொன்றாகக் கூறுவது மெடபர், அதாவது உருவகம். அலுவலகங்களில், பணி தேங்கி நிற்கும் இடத்தைப் ‘பாட்டில்நெக்’ என்பர். குப்பியின் கழுத்தைப் போல வழி குறுகிவிட்டது என்பது கருத்து. மறைந்து நின்ற ‘போல’ மீண்டும் வந்து பொருந்துவதைக் கவனியுங்கள்.

இனி, அவை நடவடிக்கைகளில் வரும் ‘தி சேர்’ என்பதை நோக்குவோம். சொல்லின் பொருள் நாற்காலி. குறிப்பதோ அதில் அமர்ந்து அவையை நடத்தும் தலைவரை. இங்கே ‘போல’வைச் சேர்த்தால் நகைப்புக்கே இடமாகும், தலைவருக்கும் நாற்காலிக்கும் ஒப்புமை ஏது? இருப்பது தொடர்பே. இவ்வாறு தொடர்புடைய பொருளின் பெயரால் ஒன்றைச் சுட்டுவது மெடானிமி. பெயர் மாற்றம் என்பதே இக்கிரேக்கச் சொல்லின் பொருள். அரசரைக் ‘கிரௌன்’ என்று முடியின் பெயரால் வழங்குவதும் இவ்வகையே.

ஸினெக்டகியில் அத்தொடர்பு முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள தொடர்பாக இருக்கும். முடி அரசரின் உறுப்பன்று, அணிகலன். கையோ தொழிலாளியின் உறுப்பு. ஆகவே ‘கிரௌன்’ மெடானிமி, ‘ஹாண்ட்ஸ்’ ஸினெக்டகி. முழுமையின் பெயரால் உறுப்பைக் குறிப்பதும் ஸினெக்டகியே. இதனை மெடானிமியின் ஒரு வகையாகவே கொள்ளும் ஆங்கில நூல்களும் உள.

இப்பாகுபாடு தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் இவ்விரண்டையும் ஆகுபெயர் என்னும் ஒரே பெயரில் அடக்கி, உள்ளே வகை பிரிக்கிறது. ‘தலைக்கு ஐந்து ரூபாய்’ என்கிறோம். தலை ஆளைக் குறிப்பதால் அது சினையாகுபெயர். ஆங்கிலேயரும் ‘பெர் ஹெட்’ என்றே கூறுவர். ‘பாலை இறக்கு’ என்னும்போது பாலின் பெயர் அது உள்ள பாத்திரத்துக்கு ஆகி வருகிறது, இது தானியாகுபெயர். ஆங்கிலத்திலோ ‘கெட்டில் கொதிக்கிறது’ என்று, பாத்திரத்தின் பெயரால் அதிலுள்ள நீரைக் குறிப்பர். திசை வேறு; முறை ஒன்றே.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் ஆகுபெயரைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாதவர்கள். ஆயினும் வீட்டில் நாள்தோறும் அதனைப் பேசுகின்றனர். ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்யுமுன், இரண்டு வினாக்களைக் கேட்க அவர்களைப் பழக்குங்கள். ‘போல’ என்பது பொருந்துமா? பொருந்தாவிடில், சொன்ன பொருள் குறித்த பொருளின் உறுப்பா, அன்றி அதனைச் சார்ந்த வேறொன்றா? அடுக்களையில் பாலை இறக்கச் சொல்லும்போதே இந்தப் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.