நெருப்பெறும்பும் மக்காச்சோள நொய்யும்

வணிக இதழில் எறும்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நாம் சொல்ல வந்தது சரக்கோடு சரக்காய்க் கப்பலேறி, ஒரு நகரத்தையே ஆட்டி வைக்கும் எறும்பைப் பற்றி.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் எங்கள் மகன் குடும்பம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு கொடுத்தார். காரில் ஏற்றப் போனோம். "மாமா, அதை அப்படியே வையுங்க. இங்கேயிருந்து மண்ணை எடுத்துட்டுப் போகக் கட்டுப்பாடு இருக்கு" என்று மருமகள் தடுத்துவிட்டாள். ஒரு தொட்டி மண்ணுக்கா இந்தப் பாடு என்று எங்களுக்குச் சற்று வருத்தம்தான். விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இந்த நெருப்பெறும்பின் பூர்வீகம் தென் அமெரிக்கா. செம்பு நிறம், வயிறு மட்டும் கருமை. ஒரே புற்றில் 2 மில்லி மீட்டர் எறும்பும் இருக்கும், 6 மில்லி மீட்டர் எறும்பும் இருக்கும். புற்று குவித்த மண் போல இருக்கும். மேலே வாசல் துளை தெரியாது. காலை வைத்தால் கூட்டமாக ஏறி, வாயால் கவ்விக்கொண்டு பின்பக்கக் கொடுக்கால் திரும்பத் திரும்பக் கொட்டும். நெருப்புப் பட்டது போல் எரியும். மறுநாள் சீழ்க் கொப்புளம் கிளம்பும். கொப்புளத்தை உடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிலருக்கு மூச்சுத் திணறும். அவர்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மின்சாரப் பெட்டிக்குள்ளும் இது குடியேறும்.

பிரிஸ்பேனில் இதைக் கண்டுபிடித்தது 2001 பிப்ரவரியில். அதற்குள் சில ஆண்டுகளாகவே வேர் விட்டிருந்தது. அதே 2001ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரே ஒரு புற்றைப் பார்த்தார்கள். உடனே அழித்தார்கள், விஷயம் முடிந்தது. பிரிஸ்பேனிலோ இன்றுவரை முடியவில்லை. 2023 நவம்பரில் பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்சிலும் தலை காட்டிவிட்டது. 2023 முதல் 2027 வரைக்கு மட்டும் 59 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். மண், எரு, வைக்கோல் கட்டு, புல்தரை, ஜல்லி, தொட்டிச் செடி ஆகியவற்றை எறும்பு உள்ள வட்டாரத்திலிருந்து நகர்த்துவதற்கு நிபந்தனைகள் உண்டு. ராணி எறும்பு தானாகப் பறந்தால் சில கிலோ மீட்டர்தான். லாரியில் ஏறினால் கணக்கில்லை.

சரி, வீட்டுத் தோட்டத்தில் புற்று கிளம்பினால் என்ன செய்வது? நாமாக இருந்தால் கொதிக்கும் நீரை ஊற்றுவோம், அல்லது மருந்துத் தூளைக் கொட்டுவோம். மேலே இருப்பவை சாகும். ஆழத்தில் உள்ள ராணி பிழைத்து, பக்கத்தில் வேறு புற்று போடும். ராணி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறவள். சில புற்றுகளில் பல ராணிகள் உண்டு.

அங்கே செய்யும் முறை வேறு. மக்காச்சோள நொய்யைச் சோயா எண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெயில் மருந்தைக் கலந்து தூவுகிறார்கள். இரண்டும் நம் கடைச் சரக்கு! வேலைக்கார எறும்பு நொய்யைப் புற்றுக்குத் தூக்கிப் போகிறது. எண்ணெய் வாய்க்கு வாய் மாறி ராணி வரை போய்ச் சேருகிறது. ராணி உடனே சாவதில்லை. புதிய வேலைக்காரர்கள் உருவாவது நின்றுபோகிறது. பழையவை ஆயுள் முடிந்து கழிகின்றன. இதற்குப் பல வாரங்கள் ஆகும். ஒரு முறை தூவினாலும் போதாது. உடனே கொல்லும் மருந்தாக இருந்தால் தூக்கிப் போகிறவன் பாதி வழியில் செத்து விழுவான், ராணிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இதில் பக்குவங்கள் உண்டு. எண்ணெய் காறிப்போனால் எறும்பு தொடாது. ஆகவே பழைய டப்பாவை வைத்துக்கொண்டு போடக் கூடாது. தரை காய்ந்திருக்க வேண்டும், மழை வரும் நாளாக இருக்கக் கூடாது. புற்றைக் கிளறாமல், அதன் உச்சியில் கொட்டாமல் சுற்றிலும் தூவ வேண்டும். முதலில் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் துண்டைப் போட்டுப் பார்க்கலாம். அரை மணிக்குள் எறும்பு மொய்த்தால் இரை தேடும் நேரம் என்று அர்த்தம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்து பயனில்லை; அடுத்த வீட்டிலிருந்து திரும்ப வரும். அதனால்தான் தெருத் தெருவாகத் தூவுகிறார்கள், பெரிய வெளிகளில் ஹெலிகாப்டரையும் பயன்படுத்துகிறார்கள்.

அவசரப்பட்ட கதை அமெரிக்காவில் நடந்தது. 1930களில் மொபைல் துறைமுகம் வழியாக இது அங்கே இறங்கியது. 1950களின் இறுதியில் விமானத்திலிருந்து கடும் விஷங்களைக் கொட்டினார்கள். பறவைகள் செத்தன. இதற்குப் போட்டியான உள்ளூர் எறும்புகளும் செத்தன. காலியான இடத்தை நெருப்பெறும்பே பிடித்துக்கொண்டது. அவர்களைச் சொல்வானேன்? 1980களில் வெல்ல மூட்டைகளுக்கு எறும்பு வந்தபோது எங்கள் கிடங்கின் சுவரோரமெல்லாம் கமாக்சின் பவுடரைத் தூவினோம். எறும்பு மூன்றாம் நாள் எதிர்ச் சுவர் வழியாக வந்தது. ரவை மூட்டைகளில் வாடை ஏறி, விற்றதெல்லாம் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். 1997ல் அந்த மருந்தே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

நெருப்பெறும்பின் பங்காளி ஒன்று நம் மண்ணிலும் உண்டு. அது கடையருகே புற்று வைத்தால் மேற்சொன்ன வழியே பொருந்தும். இனிப்புக்கு வரும் சிற்றெறும்புக்கு, 100 மில்லி சர்க்கரைத் தண்ணீரில் 1 கிராம் போரிக் பவுடர் கலந்து, பஞ்சில் நனைத்து, அவை வரும் தடத்தில் சரக்குக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பலன் சீக்கிரம் தெரியட்டும் என்று பவுடரைக் கூட்டிவிடாதீர்கள். கேரம் போர்டுக்குத் தூவும் அதே வெள்ளைத் தூள்தான். பார்த்தால் பொடி உப்பு போலிருக்கும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி, தராசு மேசைக்குத் தள்ளி, பிள்ளைகள் கைபடாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.