துணியைத் தொட்டுப் பார்த்தால் போதுமா?

ஜவுளிக் கடையில் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல துணிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கஞ்சி ஏறிய துணியிடம் அந்த விரல்கள் ஏமாந்து போகும். ஆகையால் கண்ணையும் கொஞ்சம் துணைக்கு அழையுங்கள். துணிகளுக்குப் பெயர் எத்தனை இருந்தாலும் அடிப்படை நெசவு மூன்றுதான்.

தறியில் நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை ஒரு பாவு நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் மாறி மாறிச் சென்றால் அது சாதா நெசவு. மல், வாயில், பாப்ளின் எல்லாம் இந்த இனம். ஜார்ஜெட்டும் இதே ஜாதிதான். நூலை மிகுதியாக முறுக்கி நெய்வதால்தான் அதற்கு அந்தச் சொரசொரப்பு. கடைக்காரர் மல் துணியின் ஓரத்தில் கத்திரியால் சிறிது வெட்டி, சர்ரென்று நேராகக் கிழித்துத் தருகிறாரே, ஏன்? நூல்கள் நெருக்கமாகக் கட்டுண்டிருப்பதால் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. இதில் பிரிதல் குறைவு, கசங்கல் அதிகம்.

இரண்டாவது ட்வில். வரிசைக்கு வரிசை பின்னல் ஒரு நூல் தள்ளி விழுவதால், துணியின் மேல் சாய்ந்த கோடுகள் தெரியும். டிரில், காபர்டின், டெனிம் இவ்வகை. டெனிமின் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் வெளிறியும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பாவு நீலம், ஊடை வெள்ளை. நீல நூல் 3 ஊடைகளுக்கு மேலே போய் 1 ஊடைக்குக் கீழே நுழைகிறது. அவ்வளவுதான் ரகசியம்! உழைக்கிற துணி இது. ஓடியாடும் பிள்ளைகளின் நிஜாருக்கு ஏற்றது.

மூன்றாவது ஸாடின். இதில் பாவு நூல் 4 அல்லது அதற்கும் மேற்பட்ட ஊடைகளைத் தாண்டிய பிறகே ஓரிடத்தில் கட்டுப்படும். தடையில்லாமல் கிடக்கும் நூலின் மேல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது. அழகுதான், ஆனால் வளையல் முனை பட்டாலும் நூல் இழுபட்டுவிடும். வெட்டிய ஓரம் சீக்கிரம் பிரியும். ரவிக்கை தைக்கக் கொடுத்தால், தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள். ஸாடின் உள்பாவாடைமேல் புடவைக் கொசுவம் நழுவுவதும் இந்த வழுவழுப்பினால்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸாடின் என்பது நெசவின் பெயர். நூலின் பெயர் அல்ல. பட்டிலும் ஸாடின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. பளபளப்பை நம்பிப் பட்டின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால், ஓரத்திலிருந்து உருவிய ஒரே ஒரு நூலை இடுக்கியில் பிடித்து ஜாக்கிரதையாகக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

எதற்காகத் துணி வாங்குகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பாருங்கள். விலையைக் கடைசியில் கேட்கலாம்.