கடைசிப் பந்தி

இரவு ஒன்பது மணிக்கு ஏதேனும் ஒரு வீட்டின் அடுக்களையை எட்டிப் பாருங்கள். ஏழை வீடாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஓரளவு வசதியுள்ள வீடாகவே இருக்கட்டும். வீட்டுத் தலைவர் உண்டு முடித்துத் திண்ணைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் சாப்பிட்டாயிற்று. மாமனாருக்கும் மாமியாருக்கும் பரிமாறியாயிற்று. அதற்குப் பிறகுதான், விடியலில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறாள். அதில் என்ன இருக்கிறது? அடிச்சோறு இருக்கிறது. மண்டி தங்கிய ரசம் இருக்கிறது. ஒரு கரண்டி பொரியல் மிச்சமிருந்தால் அதுவும் மறுநாள் பையனின் சோற்று டப்பாவுக்கு என்று மூடி வைக்கப்படும். கேட்டால், "எனக்கு இதுவே போதும்" என்பாள்.

போதுமா? உணர்ச்சியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, அறிவுலகத்தின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்போம்.

எந்த வயதினருக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் திருத்தி வெளியிட்டன. அதில் இரும்புச் சத்து என்ற ஒரு வரியை மட்டும் படியுங்கள். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம். வளர்ந்த பெண்ணுக்கு 29. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுப் பையனுக்கு 26. அதே வயதுப் பெண்ணுக்கு 32! தாத்தா முதல் பேரன் வரை வீட்டில் எவருக்கும் சொல்லப்படாத உச்ச அளவு, தாவணிப் பருவத்துப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வளர்ச்சிக்கும் வேண்டும், மாதந்தோறும் இழக்கும் குருதியை ஈடுகட்டவும் வேண்டும் என்பதால் இந்த அளவு. ஆண் தின்பதைவிடக் கூடுதலாக இரும்பு தேவைப்படுகிறவளை ஆணுக்குப் பின்னால் உட்கார வைத்து, அவன் மிச்சம் வைத்ததை உண்ணச் சொல்லுகிறது நம் வீட்டுச் சட்டம்!

பலன் என்ன? 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்குக் குருதிச் சோகை. அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு! தமிழ்நாட்டுப் பெண்களின் கணக்கு 53.4. விரல் நுனியில் குத்தி எடுத்த குருதியைக் கொண்டு அளந்த முறை சரியில்லை, கணக்கு மிகைப்பட்டுவிட்டது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. சரி, அவர்கள் சொல்வதையே ஏற்று ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யுங்கள். ஆணையும் பெண்ணையும் ஒரே ஊசியால் குத்தித்தானே அளந்தார்கள்? இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை எந்தத் தள்ளுபடியில் சேர்ப்பது?

"பெண்ணின் உடற்கூறு அப்படி, இயற்கை செய்த வேலைக்குச் சமுதாயத்தை ஏன் ஏசுகிறீர்?" என்று கேட்பவர் இருக்கிறார்கள். மாதவிலக்கை இயற்கை தந்தது, மறுக்கவில்லை. கணவன் உண்ட எச்சில் இலையிலேயே மனைவி உண்பதுதான் கற்பின் இலக்கணம் என்று எழுதிவைத்தது எந்த இயற்கை? சில குலங்களில் கைம்பெண்ணுக்கு ஒருவேளைச் சோறு என்று விதித்தது எந்த உடற்கூறு? கறிக்குழம்பு வைத்த நாளில் ஈரலும் சுவரொட்டியும் யார் தட்டில் விழுகின்றன என்று பார்த்துவிட்டு, இயற்கையைப் பற்றிப் பேசலாம்.

விந்தை ஒன்றும் உண்டு. பெண் பருவமெய்திய நாட்களில் மட்டும் நம் வீடுகளுக்கு அறிவு வந்துவிடுகிறது! உளுந்தங்களி கிண்டுகிறார்கள், நல்லெண்ணெய் வார்க்கிறார்கள், பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுகிறார்கள். நல்ல வழக்கந்தான், குறை சொல்லவில்லை. (பச்சை முட்டையை அவித்த முட்டையாக மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.) ஆனால் மஞ்சள் நீராட்டும் பந்தலும் முடிந்ததும் அந்த முட்டை எங்கே போயிற்று? களி எங்கே போயிற்று? பத்து நாள் ஊட்டிவிட்டு, அடுத்த பத்தாண்டுக்கு அவளைக் கடைசிப் பந்திக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இனி அவளுக்கு மணமாகிறது, கருவுறுகிறாள். ஒரு குழந்தையைச் சுமந்து பெற்றெடுக்க ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு அவள் உடலிலிருந்து செலவாகிறது. அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாள்? கன்னிப் பருவத்திலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டிய கையிருப்பு அது, சேர்க்க விடவில்லையே! போதாக்குறைக்கு, "நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பேறு கடினமாகும்" என்று அறிவுரை வேறு.

இந்தக் கொடுமையை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி கண்டார். லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கருவுற்ற காலத்தில் குருதி வற்றி மாய்ந்துகொண்டிருந்தார்கள். கிருமியோ என்று தேடினார், கிருமி இல்லை. அவர்கள் உண்ணும் உணவைத் தேடினார். அங்கே கிடைத்தது விடை. நம் குன்னூரிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் உழைத்தார். சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பிழிவைக் கொடுத்தபோது அந்தத் தாய்மார்கள் பிழைத்தெழுந்தார்கள். 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பிழிவில் இருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம். 1941-இல் அதற்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? கீரையிலிருந்து! இன்று கருவுற்றவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான்.

தாயின் பட்டினி தாயோடு முடிவதில்லை. பிறக்கும் குழந்தை முதல் ஆறு மாதத்துக்கான இரும்பை வயிற்றிலிருக்கும்போதே சேமித்துக்கொண்டு வருகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. வெறுங்கையுடன் நிற்கும் தாய் எதைக் கொடுத்தனுப்புவாள்? முன்சொன்ன கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்குச் சோகை. தாயின் எண்ணையும் பிள்ளையின் எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இதற்கும் அப்பால் போகிறது செய்தி. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரிகூடக் கிடைக்கவில்லை. அப்போது வயிற்றிலிருந்த பிள்ளைகள் ஐம்பது வயதைத் தொட்டபோது ஆராய்ந்தார்கள். சர்க்கரையைச் செரித்துக் கையாளும் ஆற்றல் அவர்கள் உடலில் குன்றியிருந்தது. புனேயைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை எடைபோட்டபோது சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. எடை குறைந்த அந்தக் குழந்தைகளின் தசைதான் வற்றியிருந்தது. தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. "எங்கள் பரம்பரையில் யாருக்குமே இல்லையே, எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று நாற்பது வயதில் திகைக்கும் நண்பர், தம் தாய் கருவுற்றிருந்தபோது எந்தப் பந்தியில் உண்டார் என்று கேட்டறிய வேண்டும்.

முதுமையிலும் இதே கதை. எலும்புக்கான சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்கும் காலம் ஏறத்தாழ முப்பது வயதோடு முடிந்துவிடுகிறது. சேர்க்காதவள் அறுபதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறாள். "கிழவிக்கு என்ன, கஞ்சி போதும்" என்கிறார்கள். தசை கரையும் வயதில்தான் பருப்பும் முட்டையும் மீனும் குறையாமல் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறிடுவது அரசின் கடமை என்பதை இந்தத் துணைக்கண்டத்துக்குச் சொல்லிக்கொடுத்த மண் இது. 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சியில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கினார். வெள்ளை அரசு செலவைக் காட்டி நிறுத்தியது. 1956-இல் காமராசர் மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989-இல் கலைஞர் அதில் முட்டையை வைத்தார். பின்னர் வாரத்துக்கு ஐந்து முட்டையாக உயர்ந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. 2015-இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடிக்கு முட்டை ஆகாது என்றார். 2021-இல் கருநாடகத்தில் முட்டை வழங்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் கொதித்தெழுந்தார்கள். மெலிந்த குழந்தையைக் கண்டு கொதிக்காதவர்கள் முட்டையைக் கண்டு கொதித்தார்கள்! அந்தப் பிற்போக்கு இங்கே தலைகாட்டவில்லை என்பதில் நமக்குப் பெருமைதான்.

ஆனாலும் ஒரு குறையை நம்மவரிடமே சொல்லியாக வேண்டும். சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதாவது பதினைந்து, பதினாறு வயதில்! எந்த வயதில் 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று பட்டியல் சொல்லுகிறதோ, சரியாக அந்த வயதில் அரசின் தட்டு எடுக்கப்பட்டு, அவள் வீட்டின் கடைசிப் பந்தியிடம் ஒப்படைக்கப்படுகிறாள். வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறோம் என்பார்கள். கொடுக்கட்டும், வேண்டியதுதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது என்று அவள் அதைத் தூக்கி எறிந்தால் யாரைக் குறை சொல்வது? சோறும் சேர்ந்து வந்தால் மாத்திரையும் உள்ளே போகும்.

முட்டை ஒன்றே இரும்பைத் தந்துவிடாது, அது புரதத்துக்கு. இரும்புக்குக் கீரையும் பயறும் கம்பும் வேண்டும். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைத் துண்டோ வேண்டும், அப்போதுதான் அந்த இரும்பு உடலில் ஒட்டும். உண்ட கையோடு தேநீர் கூடாது. வந்த இரும்பையும் அது தடுத்துவிடும். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் நட எந்த நிதியமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.

மேல்நிலைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, சமைக்கும் அம்மாவும் இருக்கிறார். ஆள்வோர் எவராயினும், அடுத்த நிதிநிலை அறிக்கையில் அந்த ஒதுக்கீட்டில் இன்னும் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து எழுதட்டும்.