மண் தின்னும் ஆசை

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், கூழாய்க் கரைத்த வெண்களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து, இறுகியபின் வெளியெடுத்து, பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலையில் அமர்ந்திருக்கும் பெண்ணொருத்தி, வாயும் வயிறுமாய் இருக்கும் காலத்தில், சீவிய துணுக்கொன்றை யாரும் காணாமல் வாயில் போட்டுக்கொள்வாளாயின், 'மசக்கைதானே' என்று சிரித்து விட்டுவிடுவது நம் வழக்கம். அந்த ஆசை புராதனமானதுதான்; சேர மன்னனைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்று புறநானூற்றில் புகழ்ந்திருக்கிறார். ஆயினும் அந்த ஆசையை வைத்தியர் இன்று இரத்த சோகையின் லக்ஷணங்களுள் ஒன்றாகக் கருதுகிறார். மண்ணோ, உணவிலுள்ள இரும்புச் சத்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு சோகையை மேலும் வளர்க்கும். மெருகுப் பூச்சில் ஈயம் கலந்திருக்குமாயின், அது உடலினுள் சென்று இரத்த உற்பத்தியையே தடுக்கும். ஆகவே மண் தின்பவளைக் கடிந்துகொள்வதைவிட, அவளை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே விவேகம்.

கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் அபாயம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் சோகையுற்றவர்கள். இளவயதில் கருவுற்றவள், முதற் குழந்தை பால் மறப்பதற்குள் மீண்டும் கருவுற்றவள், இரட்டைக் குழந்தை சுமப்பவள், மாதவிலக்கில் மிகுதியாக இரத்தம் இழந்து வந்தவள், வெறுங்காலில் நடந்து கொக்கிப்புழுவைப் பெற்றவள், வீட்டார் யாவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் ஆகியோரே இதில் எளிதில் சிக்குகிறார்கள். பிறர் தாங்கிக்கொள்ளும் பிரசவ இரத்தப்போக்கே இவர்களுக்கு உயிராபத்தாகலாம். குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கலாம்.

இதைத் தடுக்க அரசு இலவசமாய்த் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. இந்த இரண்டாவது சத்தின் சரித்திரம் நம் நாட்டிலேயே தொடங்கியது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், நெசவாலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகாலச் சோகையை ஈஸ்ட் சாரத்தால் தீர்த்துக் காட்டியதே அதன் மூலம். மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாளும், பிரசவத்திற்குப் பின் 180 நாளும் உண்ணவேண்டும். மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துவோர் பலர். கறுப்பு இரும்பின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதுதான் பெருந்தவறு. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணை நின்றால் சத்து நன்றாய்ச் சேரும். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிடினும், சோகை மிகினும், இரும்பை ஊசி வழியாகச் செலுத்தும் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் உண்டு.

இனி உரிமை. சட்டப்படியான மகப்பேறு ஊதிய விடுப்பு 2017 முதல் 26 வாரம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த சிறு பட்டறைகளை அது எட்டுவதில்லை என்பது நியாயமற்ற ஓட்டை என்றே சொல்வேன். அத்தகைய பட்டறைகளில் உழைக்கும் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் உண்டு. வறிய குடும்பத்துப் பெண்கள் 12 வாரத்திற்குள் கிராம நர்ஸம்மாவிடம் பதிந்துகொண்டால், தவணைகளில் பணமும் சத்துணவுப் பெட்டகமும் பெறலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை இலவசம். 2011 முதல் அங்கே பிரசவமும் மருந்தும், தேவைப்படின் ஏற்றும் இரத்தமும் இலவசம். இவற்றுக்குக் காசு கேட்டால், கொடுக்க மறுத்து 104 என்ற எண்ணில் முறையிடலாம்.